ஒரு சாய்கோட்டுக்கு இத்தனை சண்டையா?

புதூர்நாட்டில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், கல்லூரி விண்ணப்பத்தைத் தன் அப்பாவின் போனில் நிரப்பப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஜவ்வாது மலையின் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிதான். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்துப் போய் நிற்க வேண்டும். பக்கத்தில் தம்பி. அவன் கையில் சித்தப்பாவின் புதுப் போன். அதிலும் அதே விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருக்கிறான், சும்மா பார்ப்பதற்கு.

'பிறந்த தேதி' என்ற கட்டம் வருகிறது. தம்பி தொட்டால் அழகாக ஒரு காலண்டர் விரிகிறது. அக்கா தொட்டால் வெறும் கட்டம், ஒரு சின்னக் கோடு மினுக்மினுக்கென்று துடிக்கிறது. அவ்வளவுதான்.

"அக்கா, எனக்குக் காலண்டர் வருது. உனக்கு ஏன் வரல?"

"போன் பழசுடா. விடு, நானே அடிச்சிக்கிறேன்."

5-6-2008 என்று அடிக்கிறாள். ஜூன் 5. அடுத்த கட்டத்துக்குப் போகிறாள்.

ஒரே முகவரி, ஒரே பக்கம், அனுப்பிய கம்ப்யூட்டரும் ஒன்றுதான். இரண்டு போனில் இரண்டு விதமாக ஏன் தெரிந்தது? அந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருடச் சண்டை ஒன்று இருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று: அவள் அடித்த 5-6, போய்ச் சேரும் இடத்தில் ஜூன் 5 என்று படிக்கப்படுமா, மே 6 என்றா? அதற்குக் கடைசியில் வரலாம்.

இணையப் பக்கம் என்பது அடிப்படையில் வெறும் எழுத்துதான். அதற்குள் ஆங்காங்கே குறிப்புகள் இருக்கும்: இது தலைப்பு, இது பத்தி, இங்கே வரியை உடை, இது தேதிக் கட்டம். பழைய அச்சகங்களில் கட்டுரையின் கைப்பிரதியில் ஆசிரியர் குழு சிவப்பு மையில் எழுதி அனுப்புமே, 'இது பெரிய எழுத்து, இது சாய்வெழுத்து' என்று, அதே வேலைதான். அச்சுக் கோப்பவர் அந்தக் குறிப்பைப் படித்து எழுத்தை அடுக்குவார். குறிப்பை மட்டும் அச்சிட மாட்டார். ஆங்கிலத்தில் இதற்கு 'மார்க்கப்' என்று பெயர் வந்ததே அச்சகத்திலிருந்துதான். இணையத்தில் அச்சுக் கோப்பவரின் வேலையைச் செய்வது பிரவுசர். குறிப்புகளுக்கான மொழி எச்.டி.எம்.எல். ஜெனீவா பக்கம் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கியது. 1991-ல் அதில் இருந்த குறிப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான், கால் விரல்களையும் சேர்த்தால்.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது என்றால், அச்சுக் கோப்பவர்கள் இரண்டு பேர் ஆனபோது. தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப் ஒரு பக்கம், மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு பக்கம். ஆளுக்கொரு புதுக் குறிப்பைக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். இவருக்குப் புரிந்தது அவருக்குப் புரியாது.

இந்தச் சண்டையில் நன்றாக அடிபட்டது தமிழ். அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழ் படித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'இந்தப் பக்கத்தைப் படிக்க எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்று ஒரு வரி இருக்கும். இறக்காவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் வினோதக் குறிகளும் கொட்டிக் கிடக்கும். காரணம், உள்ளே உண்மையில் தமிழே இல்லை! வேறு எழுத்துகளின் எண்களை வைத்துவிட்டு, 'இதை இன்ன எழுத்துருவில் காட்டு' என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டிருப்பார்கள். எழுத்துரு இருந்தால் தமிழ்; இல்லாவிட்டால் கோலம்.

ஒவ்வொருவரையும் எழுத்துரு இறக்கச் சொல்வது நடக்கிற காரியமா? அதனால் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தே அனுப்பும் முறை வந்தது. வந்ததும் இரண்டாக வந்தது. நெட்ஸ்கேப்புக்கு பி.எஃப்.ஆர். என்ற வகைக் கோப்பு, அதற்கென ஒரு குறிப்பு. எக்ஸ்ப்ளோரருக்கு ஈ.ஓ.டி. என்ற வகைக் கோப்பு, அதற்கு வேறு குறிப்பு. இரண்டு வாசகருக்கும் தமிழ் தெரிய வேண்டுமென்றால் ஒரே எழுத்துருவை இரண்டு விதமாகச் செய்து, இரண்டு குறிப்பையும் பக்கத்தின் தலையில் போட வேண்டும். இன்று 'ஃப்ரேம்வொர்க் பல மார்க்கப் தரங்களை ஆதரிக்க வேண்டும்' என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, அதை அன்று தமிழ்ப் பக்கங்களைச் செய்தவர்கள் கையாலேயே செய்தார்கள்.

எழுத்தின் எண் விஷயத்திலும் இதே கதைதான். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய டிஸ்கி ஒன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் என்ற இரண்டு. இவை போக, ஒவ்வொரு பத்திரிகைக்கும் சொந்தமாக ஒன்று. யூனிகோட் நிலைத்த பிறகுதான் மூச்சு வந்தது. தமிழக அரசு யூனிகோடை, டேஸ்-16 என்ற முறையோடு சேர்த்து, அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில். இன்று இந்தப் பக்கத்தைப் போனில் எதையும் இறக்காமல் படிக்க முடிவது அந்தப் பாடுகளுக்குப் பிறகுதான்.

சரி, சாய்கோட்டுக்கு வரலாம்.

சண்டை முற்றியதும், இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ-த்ரீ-சி அமைப்பு ஒரு கண்டிப்பான வாத்தியாரைக் கொண்டுவந்தது. 2000 ஜனவரியில் வந்த எக்ஸ்.எச்.டி.எம்.எல். 1.0. எல்லாக் குறிப்பும் சின்ன எழுத்தில் இருக்க வேண்டும், திறந்ததை எல்லாம் மூட வேண்டும். வரியை உடைக்கும் குறிப்பு, படம் போடும் குறிப்பு போன்றவற்றுக்கு மூடுவதற்கு எதுவும் கிடையாது. அவற்றுக்குள்ளேயே கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு மூடிவிட வேண்டும். ஒரு இடத்தில் தவறினாலும் பக்கம் வராது. முழு முறைப்படி அனுப்பினால் ஃபயர்ஃபாக்ஸில் மஞ்சள் பின்னணியில் பிழைச் செய்தி ஒன்று வந்து நிற்கும். நூறு மார்க் பேப்பரில் ஒரு கால் விடுபட்டால் சைபர் போடுகிற வாத்தியார்!

நடந்தது என்ன தெரியுமா? அந்த முறைப்படி அனுப்பிய பக்கத்தை எக்ஸ்ப்ளோரர் 8 வரைக்கும் காட்டவே தெரியாது. 'இதை எங்கே சேமிக்கட்டும்?' என்று கேட்கும். 2011-ல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் கற்றுக்கொண்டது. அன்று பெரும்பாலானவர்கள் கையில் இருந்தது எக்ஸ்ப்ளோரர். ஆகவே உலகமே சேர்ந்து ஒரு நாடகம் ஆடியது. எக்ஸ்.எச்.டி.எம்.எல். மாதிரி சாய்கோடெல்லாம் போட்டு எழுதுவது. அனுப்பும்போது மட்டும் 'இது சாதாரண எச்.டி.எம்.எல்.தான்' என்று முத்திரை குத்தி அனுப்புவது. வாத்தியார் பெயர் நோட்டில் இருக்கும், திருத்துவது பக்கத்து வீட்டு அண்ணன்.

இதில் பிடிக்காமல் ஆப்பிள், மொஸில்லா, ஓபரா ஆட்கள் சேர்ந்து 2004-ல் தனியாக ஒரு குழுவை ஆரம்பித்தார்கள். அவர்களுடைய வேலையிலிருந்து வளர்ந்ததுதான் எச்.டி.எம்.எல். 5. கண்டிப்பு வாத்தியாரின் அடுத்த பதிப்பான எக்ஸ்.எச்.டி.எம்.எல். 2 பாதியிலேயே 2009-ல் கைவிடப்பட்டது. எச்.டி.எம்.எல். 5 முறைப்படி 2014 அக்டோபர் 28 அன்று தரமாக அறிவிக்கப்பட்டது.

எச்.டி.எம்.எல். 5 என்றதும் வீடியோ, விளையாட்டு என்று சொல்வார்கள். அதன் நிஜமான சாதனை வேறு. தப்பாக எழுதிய பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதையும் அது விதியாக எழுதி வைத்தது. மூடாமல் விட்டால் எங்கே மூடியதாக எடுத்துக்கொள்வது, தெரியாத குறிப்பு வந்தால் என்ன செய்வது, எல்லாம். முன்பு ஒவ்வொரு பிரவுசரும் தன் மனம் போனபடி மன்னித்தது. இப்போது எல்லோரும் ஒரே மாதிரி மன்னிக்க வேண்டும். சாய்கோடு? போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

அப்படியானால் விஷயம் முடிந்ததுதானே? முடியவில்லை. இணையத்தில் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுதும் காலம் போய்விட்டது. விண்ணப்பங்கள், செய்தித் தளங்கள், கடைகள் எல்லாம் ஃப்ரேம்வொர்க் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்படுகின்றன. கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் மாதிரி. இலைக்கு இலை யாரும் தனியாகச் சமைப்பதில்லை. பொது அடுப்பு, பொது அண்டா. தளத்தை நடத்துபவர் 'இன்ன இன்ன வேண்டும்' என்று சொன்னால் போதும். தேதிக் கட்டத்துக்கான குறிப்பை ஃப்ரேம்வொர்க்கே எழுதிவிடும். அப்போது சாய்கோடு போடுவதா வேண்டாமா என்பது தளக்காரர் கையில் இல்லை. சமையல்காரர் கையில் இருக்கிறது.

சமையல்காரர்கள் இதை ஆளுக்கொரு விதமாகச் சமாளித்தார்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஏ.எஸ்.பி. டாட் நெட், அமைப்புக் கோப்பில் ஒரு திருகு வைத்தது: பழைய முறை, இடைநிலை, கண்டிப்பு என்று மூன்று நிலை. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ வருடக்கணக்கில் சாய்கோட்டோடுதான் பக்கம் செய்தது. எச்.டி.எம்.எல். 5 தரமாகி நான்கு வருடம் கழித்து, 2018-ல் வந்த 2.1 பதிப்பில்தான் படிவக் கட்டங்களிலிருந்து சாய்கோட்டை எடுத்தது. 'இனி எக்ஸ்.எச்.டி.எம்.எல்.லுக்கு இது ஒத்துவராது' என்பதையும் பதிப்புக் குறிப்பிலேயே சொல்லிவிட்டது.

வேர்ட்பிரஸ் செய்ததுதான் இருப்பதில் சாமர்த்தியம். உலகில் எத்தனையோ தளங்கள், தமிழிலும்தான், அதன் மேல் ஓடுகின்றன. பல தளங்களில் பத்து வருடக் கட்டுரைகள் கிடக்கும். தோற்றத்தை அமைத்துக் கொடுத்தவர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. திடீரென்று குறிப்பு மொழியை மாற்றினால் பழைய தளங்கள் கோணிப்போகும். அதனால் 2013-ல் வந்த 3.6 பதிப்பிலிருந்து ஒரு ஏற்பாடு: தளத்தின் தோற்ற வடிவம் 'எனக்கு எச்.டி.எம்.எல். 5 தெரியும்' என்று தானாகக் கைதூக்க வேண்டும். தூக்கினால் தேடல் கட்டமும் கருத்துப் படிவமும் புது மொழியில் வரும். தூக்காவிட்டால் பழையபடியே. எதற்கெல்லாம் கைதூக்கலாம் என்ற பட்டியல் பின்னர் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. யாரையும் விரட்டவில்லை. அண்டாவை மாற்றாமலே, பெரியவர்கள் பந்தியில் காரம் குறைத்துப் பரிமாறும் வித்தை.

போன்கள் வந்தபோது இந்த வித்தைக்கு இன்னும் பெரிய சோதனை வந்தது. முதலில் வந்த இணையப் போன்களுக்கு எச்.டி.எம்.எல்.லே புரியாது, டபிள்யூ.எம்.எல். என்ற தனி மொழி. ஜப்பானில் ஐ-மோட் போன்களுக்கு வேறொன்று. ஒரே பக்கத்தை வந்து கேட்கிற போனைப் பார்த்து மூன்று மொழியில் எழுதித் தரும் ஃப்ரேம்வொர்க்குகள்கூட இருந்தன. பிறகு 2006-ல் உலகமெங்கும் வந்த ஓபரா மினி இன்னொரு வழி கண்டது. பக்கத்தைத் தன் சர்வரிலேயே படித்து, சுருக்கி, சின்னப் போனுக்கு அனுப்பியது. பட்டன் போனில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால், ஒரு மறைவான அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒன்றை 'ஆம்' என்று மாற்ற வேண்டும். உடனே தமிழை எழுத்தாக அல்ல, படமாக வரைந்து அனுப்பும். அந்த வித்தையை நண்பனுக்குச் சொல்லிக்கொடுத்து டீ வாங்கிக் குடித்தவர்கள் இந்தப் பக்கத்தின் வாசகர்களிலும் இருப்பார்கள். அண்மையில், 2015-ல் கூகுள் ஏ.எம்.பி. என்று ஒரு சுருக்க வடிவத்தை அறிமுகப்படுத்தியது. செய்தித் தளங்கள் ஒவ்வொரு செய்தியையும் இரண்டு வடிவில் வைத்துக்கொண்டன. 2021-ல் கூகுள் தன் முதன்மைச் செய்திகளுக்கு அது கட்டாயமில்லை என்றதும் பல இடங்களில் சத்தமில்லாமல் கழற்றினார்கள். தரங்கள் வரும், போகும். பழைய போன் மட்டும் யாரோ ஒருவரின் சட்டைப் பையில் இருந்துகொண்டே இருக்கும்.

இப்போது புதூர்நாட்டு மேட்டுக்குத் திரும்பலாம். 'இது தேதிக் கட்டம்' என்ற குறிப்பு எச்.டி.எம்.எல். 5-ல் வந்தது. புதுப் போனின் பிரவுசருக்கு அது தெரியும், காலண்டரை விரித்தது. பழைய போனின் பிரவுசருக்குத் தெரியாது. தெரியாத வகையென்றால் அதைச் சாதாரண எழுத்துக் கட்டமாக எடுத்துக்கொள் என்பது விதி, எடுத்துக்கொண்டது. அதனால்தான் அவளால் எதையாவது அடிக்கவாவது முடிந்தது. ஏழைப் போன் என்பதால் மட்டும் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். விலை உயர்ந்த ஆப்பிள் கம்ப்யூட்டரின் சஃபாரிக்கே இந்தக் காலண்டர் 2021-ல்தான் வந்தது. எக்ஸ்ப்ளோரருக்குக் கடைசிவரை வரவே இல்லை.

ஆனால் இரண்டு போனிலிருந்தும் போய்ச் சேருவது ஒன்றல்ல. காலண்டரில் தொட்டால், திரையில் எப்படித் தெரிந்தாலும் சர்வருக்குப் போவது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்: 2008-06-05. குழப்பமே கிடையாது. கையால் அடித்தால் அடித்தது அப்படியே போகும்: 5-6-2008. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தில் அமைக்கப்பட்ட ஃப்ரேம்வொர்க், மாற்றச் சொல்லி யாரும் சொல்லாத வரை, இதை மே 6 என்று பதிந்துவிடும். பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் அதுவும் சரியான தேதிதான். அவளே 25-6 என்று அடித்திருந்தால் 25-ஆம் மாதம் இல்லையே என்று உடனே கத்தியிருக்கும். மாதத்தின் முதல் 12 நாட்களில் பிறந்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. அதுவும் 5-5, 6-6 என்று பிறந்த அதிர்ஷ்டசாலிகள் தப்பிவிடுவார்கள்!

சான்றிதழில் ஒரு தேதி, விண்ணப்பத்தில் ஒரு தேதி. கவுன்சலிங் மேஜையில் அமர்ந்திருப்பவர் 'திருத்திக்கொண்டு வாம்மா' என்பார். அவர் பார்வையில் சின்ன விஷயம். இவளுக்கு அது மலையிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை அப்பா விட்டு, மறுபடி ஏறுவது.

தேதி மட்டுமல்ல. 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. தமிழ்நாட்டில் யாருக்கு இருக்கிறது கடைசிப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டால் 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று அதட்டும். இதுவும் சமையல்காரர் எங்கிருந்தோ கொண்டுவந்த ருசிதான்.

கட்டத்தின் பெயரையும் கட்டத்தையும் சேர்த்துக் கட்டும் ஒரு குறிப்பு உண்டு. அதைப் போட்டால் 'பிறந்த தேதி' என்ற எழுத்தைத் தொட்டாலே கட்டம் தயாராகும். சின்னத் திரையில் பெரிய விரலுக்கு வசதி. பார்வையில்லாதவரின் போன் அந்தக் கட்டத்துக்கு வரும்போது அதன் பெயரை வாசித்துச் சொல்லவும் அதுதான் வேண்டும். இல்லாவிட்டால் 'எழுத்துக் கட்டம், எழுத்துக் கட்டம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகும். 'இந்தப் பக்கம் தமிழ்' என்று பக்கத்தின் தலையில் சொல்லும் குறிப்பும் அப்படித்தான். அதை விட்டுவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைப் பார்த்து முழிக்கும். ஒரு ஃப்ரேம்வொர்க் நல்லதா என்று பார்க்க, அது சாய்கோடு போடுகிறதா என்பதைவிட, இவற்றைக் கேட்காமலே போட்டுத் தருகிறதா என்று பார்ப்பது உத்தமம்.

அரசுத் தளங்களுக்கு இதெல்லாம் வழிகாட்டு நெறிகளாகவே 2009 முதல் இருக்கின்றன. 2023-ல் மூன்றாம் பதிப்பும் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பை முடிக்க முடியாமல் போன வழக்கில், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொன்னது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் ஒரு திரைக்கு முன்னால், சிமிட்ட முடியாத ஒருவர் நின்ற வழக்கு அது.

தேதிக்கு மருந்து ரொம்பச் சின்னது. பிரிட்டன் அரசின் தளங்களில் பிறந்த தேதிக்குக் காலண்டரே வைப்பதில்லை. நாள், மாதம், வருடம் என்று மூன்று சாதாரணக் கட்டங்கள். எந்தக் காலத்துப் போனிலும், எந்தத் தரத்திலும் வேலை செய்யும். தன் பிறந்தநாளை யாரும் காலண்டரில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, 17 வருடம் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் போக வேண்டியதுமில்லை. ஜாங்கோவிலும் மூன்று பட்டியலாகப் பிரித்துக் கேட்கும் வசதி கூடவே வருகிறது. தளத்தைச் செய்பவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு படிவம் அந்த மேட்டில் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் கட்டத்தில் 5, இரண்டாவதில் 6. தம்பி எட்டிப் பார்க்கிறான்.

"என்னக்கா, இப்ப என் போன்லயும் காலண்டர் வரல?"

"வேணாம்டா. ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் வருது பாரு. சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"பதினொண்ணு."

"ஆடாம நில்லு. சிக்னல் போயிரப் போவுது."

சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்துகிறாள். வட்டம் சுற்றுகிறது.